வேல்ஸின் தேசிய ஐஸ்டெத்வொட்: முதன்முறை செல்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை வரை, வேல்ஸ் நாட்டின் ஏதேனும் ஓர் ஊரில் தேசிய ஐஸ்டெத்வொட் என்னும் பெருவிழா நடக்கிறது. அந்த எட்டு நாளும் அங்கே வெல்ஷ் மொழிதான் ஆட்சி செய்கிறது. யாப்பு வழுவாமல் நீண்ட பா ஒன்றை எழுதி வென்றவருக்குத் தச்சர் ஒருவர் அதற்கென்றே செய்த நாற்காலியைப் பரிசாகத் தந்து, அதில் அவரை அமரவைத்து, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று வாழ்த்துகிறது. ‘ஐஸ்டெத்’ என்றால் வெல்ஷ் மொழியில் அமர்தல் என்று பொருள். கவிஞர்கள் கூடி அமரும் அவை என்பதே விழாவின் பெயர்.

வேல்ஸில் பணிக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்த பலர், ‘நமக்குத்தான் அந்த மொழி தெரியாதே’ என்ற தயக்கத்தால் இதைத் தவறவிட்டு விடுகிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். உரிய ஆயத்தத்தோடு சென்றால், ஒரு சொல் வெல்ஷ் பேசத் தெரியாதவரும் அங்கே நிறைவாக ஒரு நாளைக் கழிக்க முடியும் என்பதே என் அனுபவம். அந்த ஆயத்தத்தை எந்த வரிசையில் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த விழா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

வேல்ஸில் கலை இலக்கிய விழாக்கள் பல உண்டு. ஒரே பெயரில் வெவ்வேறு விழாக்களும் இருப்பதால், புதியவர் ஒன்றை நினைத்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வது எளிது. ‘ஐஸ்டெத்வொட்’ என்ற பெயரிலேயே மூன்று பெரிய விழாக்கள் நடக்கின்றன. மே மாதக் கடைசியில், பள்ளி இடை விடுமுறையில் நடப்பது உர்த் ஐஸ்டெத்வொட். இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் 1922இல் தொடங்கிய உர்த் என்னும் இளைஞர் இயக்கம், 1929 முதல் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நடத்திவரும் போட்டி விழா அது. ஜூலையில் ஹ்லான்கொஹ்லென் ஊரில் நடப்பது சர்வதேச இசை ஐஸ்டெத்வொட். இரண்டாம் உலகப் போரின் காயம் ஆறாத 1947இல், இசையால் நாடுகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற பாடகர் பவரொட்டி, 1955இல் தம் தந்தையோடு மொதெனா ஊர்ப் பாடற்குழுவில் ஒருவராக வந்து பாடி வென்ற மேடை அதுதான். பல நாட்டவர் கூடும் விழா என்பதால் அங்கே ஆங்கிலமே போதும். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் பொருளாகிய தேசிய ஐஸ்டெத்வொட்.

ஆங்கில இலக்கியம் மட்டும் வேண்டும் என்பவர், மே கடைசியில் ஹே என்னும் சிற்றூரில் 1988 முதல் நடந்துவரும் இலக்கிய விழாவுக்குப் போகலாம். ஊர் நிறையப் பழைய புத்தகக் கடைகள், பெயர்பெற்ற எழுத்தாளர்களின் உரைகள் என்று அது தனியாக ஓர் உலகம். வெல்ஷ் சூழலை முதலில் கொஞ்சம் தொட்டுப்பார்க்க விரும்புவோருக்குக் கார்டிஃப் நகரில் கோடையில் நடக்கும் தவ்வில் விழா நல்ல தொடக்கம். அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரே ஒரு விழாவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவரிடம் நான் தயங்காமல் தேசிய ஐஸ்டெத்வொட்டையே சொல்வேன். மற்றவை போன்ற விழாக்களை வேறு நாடுகளிலும் காணலாம். வெல்ஷ் மொழியில் எழுதிய ஒருவருக்காக ஒரு நாடே எழுந்து நிற்பதை இங்கே மட்டும்தான் காணமுடியும்.

இரண்டாம் படி: இடமும் நாளும் அறிந்து, தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்

இந்த விழாவுக்கு நிலையான ஊர் கிடையாது. ஓராண்டு வடக்கிலும் மறு ஆண்டு தெற்கிலுமாக அது மாறி மாறி நடக்கிறது. 2024இல் தெற்கே பொன்டப்ரீத் ஊரிலும், 2025இல் வடக்கே ரெக்சத்திலும் நடந்தது. எந்த ஊருக்கு வரப்போகிறது என்பதைக் குறைந்தது ஓராண்டும் ஒரு நாளும் முன்னதாகவே ஒரு சடங்கு நடத்தி அறிவித்துவிடுவார்கள். ஆகவே திட்டமிடுவதற்கு நேரம் தாராளமாகவே இருக்கும்.

இப்படி ஊர் மாறுவதால் பயண ஏற்பாடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொன்டப்ரீத்துக்குக் கார்டிஃபிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம் போதுமானதாக இருந்தது. 2022இல் விழா நடந்த ட்ரெகாரனிலோ ரயில் நிலையமே கிடையாது. விழா நடப்பது பெரும்பாலும் சிற்றூர்களில் என்பதால், சுற்றுவட்டாரத்து விடுதி அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. குடும்பத்தோடு செல்பவர்கள் விழாவை ஒட்டி அமைக்கப்படும் கூடார வெளியிலோ கேரவன் வெளியிலோ இடம் பதிவு செய்துகொள்ளலாம். வேல்ஸ் குடும்பங்கள் பல ஆண்டுதோறும் அப்படித்தான் வந்து தங்குகின்றன, பக்கத்துக் கூடாரத்தாரோடு பழகுவதும் அங்கே எளிது. அதற்கு வசதியில்லாதவர், ரயில் வசதியுள்ள பக்கத்து நகரத்தில் தங்கி ஒரு நாள் மட்டும் வந்து போவது நல்லது.

ஒரு நாள்தான் முடியும் என்றால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தை ஆறாம் படியில் சொல்கிறேன். பகல் முழுவதற்குமான நுழைவுச்சீட்டை வாங்கினால் விழா வெளியின் பெரும்பாலான மேடைகளுக்கும் அதுவே போதும். மாலைக் கச்சேரிகளுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆகஸ்டு மாதம்தானே என்று மழைச்சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். புல்வெளியில் நடக்கும் விழா என்பதால், ஒரு மணி நேரம் மழை பெய்தாலே கூடாரங்களுக்கு இடைப்பட்ட பாதைகள் சேறாகிவிடும். கணுக்கால் வரை மறைக்கும், தண்ணீர் புகாத காலணி அவசியம்.

மூன்றாம் படி: எழுத்துகளைப் பார்த்து மிரளாமல், பத்துச் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்

வெல்ஷ் சொற்களை எழுத்தில் பார்க்கும்போது வாய்க்குள் நுழையாதவை போலத் தோன்றும். ஆனால் அந்த மொழியின் எழுத்துமுறை ஆங்கிலத்தைவிட மிகவும் ஒழுங்கானது. எழுத்துக்கு ஒலி ஏறக்குறைய உறுதியானது என்பதால், விதிகளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டால் ஊர்ப்பெயர் பலகைகளை ஓரளவு சரியாகவே படித்துவிடலாம். தமிழ் பேசுபவருக்கு இதில் சில வசதிகளும் உண்டு. ஆங்கிலத்தின் ‘டி’ (D) எழுத்து இரட்டித்து வந்தால், ‘அது’ என்ற சொல்லில் நாம் சொல்லும் தகரத்தின் ஒலியாகும். நமக்கு அதில் சிரமமே இல்லை. ‘எஃப்’ ஒற்றையாக வந்தால் வகரம். ‘டபிள்யூ’ பல இடங்களில் உகர உயிராக நிற்கும்; அதனால்தான் உயிரெழுத்தே இல்லாதவை போன்ற சொற்கள் அங்கே கண்ணில் படுகின்றன. ‘சி’ எப்போதும் ககரம்தான். ‘சி’யும் ‘ஹெச்’சும் சேர்ந்து வந்தால் தொண்டையில் உராய்ந்து வரும் ஒலி, ‘அஃது’ என்ற சொல்லில் ஆய்தத்தை அழுத்திச் சொல்லிப் பாருங்கள், அதற்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள்.

உண்மையில் பழக வேண்டிய ஒலி ஒன்றுதான். ‘எல்’ எழுத்து இரட்டித்து வரும்போது பிறக்கும் ஒலி அது. ஹ்லான்கொஹ்லென் என்று நான் மேலே எழுதியது அதைக் காட்டத்தான். லகரம் சொல்லப்போவதுபோல நாவின் நுனியை மேற்பல்லின் பின்புறம் வைத்து, குரலெழுப்பாமல், நாவின் இரு பக்கமும் காற்றை மட்டும் ஊதினால் அது வரும். பத்து முறை சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். சொல்லின் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றுக்கு முந்திய அசையில் விழும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சில சொற்கள். ‘போரெ தா’ காலை வணக்கம். ‘ஷு மாய்’ எந்நேரத்துக்கும் ஏற்ற நலவிசாரிப்பு. ‘தியோல்க்ஹ்’ நன்றி. ‘க்ரோய்சோ’ நல்வரவு. ‘தூ இன் தஸ்கி கம்ராய்க்’ என்றால் ‘நான் வெல்ஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன்’. இந்த ஒரு வாக்கியம் அங்கே திறக்கும் கதவுகள் பல. தேநீர்க் கூடாரம் ஒன்றில் நான் இதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பின்னால் நின்ற வரிசையைப் பொருட்படுத்தாமல், அடுத்த வாக்கியத்தையும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மேடைகளில் வெல்ஷ் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற விதி 1950 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைக் கேட்டதும் பின்வாங்கும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 5,38,000 பேர். ஆண்டு முழுவதும் ஆங்கிலத்துக்கு வழிவிட்டு வாழும் ஒரு மொழிக்கு இந்த எட்டு நாள் மட்டும் முழு இடமும் தரப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால், விதியின் நியாயம் விளங்கும். அது மேடைக்கான விதி. பார்வையாளருக்குத் தடை அன்று. முதன்மை அரங்கில் நடப்பதை ஆங்கிலத்தில் உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். அதைக் காதில் கேட்கும் வசதிக்குக் கட்டணம் இல்லை. நுழைந்தவுடன் விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கங்ஹானெத் என்றால் என்ன என்று அறிந்துகொண்டு போங்கள்

இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெல்ஷ் மரபுக்கவிதையின் உயிர் ‘கங்ஹானெத்’ என்னும் ஒலி ஒழுங்கில் இருக்கிறது. அது தெரியாமல் போனால் விழாவின் ஆரவாரம் காதில் விழும், அதன் காரணம் விளங்காது.

எதுகையும் மோனையும் அறிந்தவருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. நம் யாப்பில் மோனை முதலெழுத்தையும் எதுகை இரண்டாம் எழுத்தையும் பார்க்கின்றன. கங்ஹானெத் ஒரு வரி முழுவதையும் பார்க்கிறது. அதன் ஒரு வகையில், வரியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள் எல்லாம் அதே வரிசையில் பிற்பாதியிலும் வரவேண்டும். உயிரொலிகள் மட்டும் மாறலாம். விளக்கத்துக்காகத் தமிழில் நானே ஒரு வரி கோத்துப் பார்த்தேன். ‘கடல் மாலை, குடில் மேலே’ என்ற வரியில் க், ட், ல், ம், ல் என்ற மெய்கள் இரு பாதியிலும் அதே வரிசையில் நிற்கின்றன, உயிர்கள் வேறுபடுகின்றன. இந்த நான்கு சொல்லைச் சேர்ப்பதற்கே எனக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. வெல்ஷ் கவிஞர்கள் பொருளும் கெடாமல், சொல்லழுத்தமும் பிசகாமல், நூறு வரிக்கு மேலும் இப்படி எழுதிச் செல்கிறார்கள்.

இன்னொரு வகையில் வரி மூன்றாகப் பிரியும். முதல் இரு துண்டும் இயைபு கொள்ள, இரண்டாவதும் மூன்றாவதும் மெய்யொலியால் இணையும். வேறொரு வகையில், முற்பகுதியின் ஈறு கடைசிச் சொல்லின் ஈற்றயல் அசையோடு இயையும். இப்படி நான்கு வகைகள் உண்டு. இவற்றைக் கொண்டு அமையும் மரபான பாவடிவங்கள் 24. அவற்றில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போவது எங்லின். நான்கு அடி, மொத்தம் 30 அசை. அடிகளுக்கு முறையே 10, 6, 7, 7 அசை. நான்கு அடிக்கும் ஒரே இயைபு. நம் வெண்பாவைப் போலவே, வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் கல்லறை வாசகத்துக்கும் சிலேடைக்கும் அது பயன்படுகிறது.

இந்த அளவு தெரிந்துகொண்டு விழா வெளியில் ‘பாபெஹ்ல் லேன்’ என்னும் இலக்கியக் கூடாரத்துக்குள் நுழைந்தால், அங்கே நடக்கும் கவிஞர் அணிப் போட்டி உங்களுக்கு வேறாகத் தெரியும். கொடுத்த வரிக்கு ஈற்றடி சேர்ப்பதும், குறித்த நேரத்துக்குள் எங்லின் இயற்றுவதும் போட்டியின் பகுதிகள். நல்ல வரி ஒன்று விழும்போது, பொருள் முழுதாக வந்து சேரும் முன்பே, ஒலி பொருந்திய கணத்திலேயே கூட்டத்திலிருந்து ஒரு மெல்லிய முனகல் எழும். மொழி தெரியாத என் காதுக்கும் அந்தக் கணம் சில வேளைகளில் பிடிபட்டது.

ஐந்தாம் படி: விழா வெளியில் ஒரு நாளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்

விழா நடக்கும் வெளிக்கு ‘மாய்ஸ்’ என்று பெயர். வயல் என்று பொருள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,50,000 பேர் வந்து போகும் இடம் அது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் எதையுமே பார்க்க முடியாது. வாசலிலேயே நிகழ்ச்சி நிரலை வாங்கி, மூன்று இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியவர் முதலில் போகவேண்டியது ‘மாய்ஸ் டி’ என்று வழங்கும், மொழி கற்போருக்கான இடம். அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய நாளைப் பற்றிய விளக்கமும் பேச்சுத்துணையும் கிடைக்கும். வெல்ஷ் மொழியைக் கற்றுக்கொண்டவருக்கென்று ஆண்டுதோறும் ஒரு விருதே தருகிற விழா இது என்பதால், கற்பவரை இங்கே யாரும் வெளியாளாக நடத்துவதில்லை. அடுத்து ‘ஹ்லே கெல்வ்’ என்னும் ஓவிய சிற்பக் காட்சிக்கூடம். வேல்ஸின் இன்றைய ஓவியமும் கைவினையும் கட்டடக்கலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மொழி தேவைப்படாத இடம் என்பதால் முதல்முறை வருபவருக்கு இது பெரிய ஆறுதல்.

மூன்றாவது ‘டீ க்வெரின்’, நாட்டுப்புற இசைக்கான கூடாரம். அங்கேயோ முதன்மை அரங்கிலோ ‘கெர்த் தான்ட்’ என்னும் இசைவடிவத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஹார்ப் என்னும் யாழில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்க, பாடுபவர் அந்த மெட்டைப் பாடுவதில்லை. சில அடிகள் கழித்துத் தொடங்கி, கவிதையை அதற்கு எதிரான வேறொரு மெட்டில் பாடிச் சென்று, கடைசி அடியில் யாழோடு ஒன்றாக முடிப்பார். யாழ் ஒரு வழி, குரல் ஒரு வழி என்று போய், முடிவில் இரண்டும் ஓரிடத்தில் சேரும்போது கிடைக்கும் நிறைவு, தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் கணத்தை எனக்கு நினைவூட்டியது.

போட்டிகளைப் பார்க்கும்போது இறுதிச்சுற்றுக்கு மட்டும் போகாமல், ‘ரஹக்ப்ராவ்’ என்னும் முதற்சுற்று ஒன்றுக்கும் போய்ப்பாருங்கள். பல போட்டிகளில் இங்கே தேறும் மூவரே பெரிய மேடைக்குப் போகிறார்கள். விழா வெளியின் ஒரு மூலையில், கூடாரத்தின் பின்புறம், பத்து வயதுப் பெண் ஒருத்தி மரக்காலணி நடனத்துக்காக நின்றுகொண்டிருந்தாள். தாய் மண்டியிட்டு அவள் காலணி வாரை இறுக்கிக்கொண்டிருக்க, அவளோ புல்லின்மேல் போட்ட ஒரு பலகையில் குதிகாலால் சத்தமில்லாமல் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் ஆடியது இரண்டு நிமிடத்துக்கும் குறைவுதான்; அவள் மேடைக்குத் தேர்வானாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பலகை இன்னும் கண்ணில் நிற்கிறது.

உணவுக்கு அலைய வேண்டாம். கடைகள் நிறைய இருக்கும். சைவ உணவும் கிடைக்கும். தோசைக்கல் போன்ற தட்டையான கல்லில் சுடும் வெல்ஷ் கேக்கும், உலர்பழம் சேர்த்த ‘பாரா ப்ரீத்’ ரொட்டியும் தேநீரோடு நன்றாக இருக்கும். இரவு நேரத்து இளைஞர் இசைக்கு ‘மாய்ஸ் பி’ என்று தனி இடம் உண்டு. குழந்தைகளோடு வருபவருக்கு அது தேவைப்படாது.

ஆறாம் படி: வெள்ளிக்கிழமை நாற்காலிச் சடங்குக்கு நேரத்தோடு போய் அமருங்கள்

வாரத்தில் இலக்கியத்துக்கென்று பல பரிசுச் சடங்குகள் நடக்கின்றன. திங்களன்று புதுக்கவிதைக்கு மகுடம். புதனன்று உரைநடைக்குப் பதக்கம். வெள்ளியன்று மரபுக்கவிதைக்கு நாற்காலி. மூன்றும் ஒரே அமைப்பில் நடந்தாலும் நாற்காலிதான் உச்சம்.

இந்தச் சடங்கின் வேர் ஆழமானது. 1176இல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு கூட்டிய அவையில், சிறந்த கவிஞருக்கு ஒன்றும் சிறந்த இசைஞருக்கு ஒன்றுமாக இரண்டு நாற்காலிகள் பரிசளிக்கப்பட்டதாக வரலாற்றுக் குறிப்பு உண்டு. மேடையில் வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளோடு அணிவகுத்து வருவோர் ‘கோர்ஸெத்’ என்னும் கவிஞர் அவையினர். இந்த அங்கிகளும் வாளும் கொம்பும் பழங்காலத் துருயிட் பூசாரிகளிடமிருந்து வழிவழியாக வந்தவை என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும், அது சரியன்று. கல்தச்சராகவும் கவிஞராகவும் இருந்த இயோலோ மொர்கானுக் என்பவர் தம் கற்பனையால் உருவாக்கி, 1792இல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் முதலில் நடத்திக்காட்டிய சடங்கு அது. 1819இல் கார்மார்தனில் ஐஸ்டெத்வொட்டோடு இணைந்தது. இருநூறு ஆண்டுகளாக மக்கள் மனமுவந்து நடத்திவருவதால் அது இன்று உண்மையான மரபாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

நடைமுறை இதுதான். போட்டியாளர் அனைவரும் புனைபெயரில்தான் பாவை அனுப்பியிருப்பார்கள். வென்றவருக்கு மட்டும் செய்தி இரகசியமாக முன்பே சொல்லப்பட்டிருக்கும். அவர் அரங்கில் பொதுமக்களோடு சாதாரணமாக அமர்ந்திருப்பார். நடுவர்களில் ஒருவர் மேடையேறி, வந்த பாக்களின் நிறை குறைகளைப் புனைபெயர் சொல்லியே எடுத்துரைப்பார். தகுதியானது எதுவும் இல்லையென்றால், ‘தகுதியுள்ளவர் யாரும் இல்லை’ என்று அறிவித்து நாற்காலியை யாருக்கும் தராமல் விட்டுவிடுவதும் உண்டு. 2013இல் அப்படி நடந்திருக்கிறது. தகுதியுள்ளவர் இருந்தால், கோர்ஸெத் அவையின் தலைவராகிய தலைமைத் துருயிட் அந்தப் புனைபெயரைச் சொல்லி, அவர் மட்டும் எழுந்து நிற்கும்படி கேட்பார். விளக்குகள் மங்கும். எக்காளம் ஒலிக்கும். ஒளிவட்டம் ஒன்று இருக்கைகளின் மேல் தேடித் தேடி நகரும். ஆயிரம் தலைகள் ஒருசேரத் திரும்ப, எங்கோ ஒரு வரிசையில் ஒருவர் எழுவார். பக்கத்து இருக்கைக்காரர் வாயடைத்துப்போய்ப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு அவருக்கு ஊதா அங்கி அணிவித்து மேடைக்கு அழைத்துவருவார்கள். பெரிய வாள் ஒன்றை உறையிலிருந்து பாதி மட்டும் உருவிப் பிடித்தபடி, தலைமைத் துருயிட் ‘அமைதி உண்டா?’ என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் அரங்கம் முழுவதும் ‘ஹெதுக்ஹ்’ என்று முழங்கும். அமைதி என்று பொருள். வாள் ஒருபோதும் முழுதாக உருவப்படுவதில்லை. அந்த ஒரு சொல்லை நீங்களும் உரக்கச் சொல்லுங்கள். அதற்காகவே மூன்றாம் படியின் ஆய்த ஒலியைப் பழகச் சொன்னேன். அதன்பின் உள்ளூர்க் குழந்தைகள் மலர் நடனம் ஆடுவார்கள். இறுதியில் நாட்டுப்பண், அதற்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

அமைதி உண்டா என்ற கேள்விக்கு 1917இல் கிடைத்த விடையை அறிந்துகொண்டு போவது நல்லது. அந்த ஆண்டு நாற்காலிச் சடங்கு இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில், போருக்கு நடுவே, செப்டம்பர் 6 அன்று நடந்தது. ‘ஃப்ளர் த லி’ என்ற புனைபெயரை எக்காளம் மீண்டும் மீண்டும் அழைத்தும் யாரும் எழவில்லை. அந்தக் கவிஞர் ஹெத் வின் என்ற பெயரில் எழுதிய எல்லிஸ் எவன்ஸ், ட்ரவ்ஸ்வனித் ஊரின் ஆட்டுப்பண்ணைக்காரர். ஜூலை 31ஆம் நாளே பெல்ஜியப் போர்க்களத்தில் உயிரிழந்திருந்தார். வெறுமையாக நின்ற நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அதைச் செதுக்கியவரும் பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதியே. அந்தக் கறுப்பு நாற்காலியை இன்றும் ஹெத் வின்னின் வீடாகிய அர் அஸ்குர்ன் பண்ணையில் காணலாம். விழா வடக்கே நடக்கும் ஆண்டானால், ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. சடங்கு தொடங்கியதும் அரங்கின் கதவுகளை மூடிவிடுவார்கள். என் முதல் ஆண்டில், தேநீர் வரிசையில் நின்றுவிட்டுச் சில நிமிடம் பிந்தி வந்ததால், மூடிய கதவுக்கு வெளியே மழையில் நின்று எக்காளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மொழிபெயர்ப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு அமர்ந்துவிடுங்கள்.

ஏழாம் படி: திரும்பும் வழியில் செய்யவேண்டியவை

நாற்காலிச் சடங்கு முடிந்தவுடன் அந்த ஆண்டின் பரிசுப் படைப்புகளும் நடுவர் தீர்ப்புரைகளும் அடங்கிய தொகுப்பு நூல் விற்பனைக்கு வரும். புத்தகக் கடை முன் அதற்காகவே வரிசை நிற்கும். வெல்ஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு படி வாங்கிவைக்கலாம். பாவின் ஒரே ஒரு வரியை எடுத்து, மேலே சொன்னபடி மெய்யெழுத்துகளைப் பென்சிலால் குறித்துப் பார்த்தால், முற்பாதியும் பிற்பாதியும் ஒன்றையொன்று எதிரொலிப்பது கண்ணுக்கே தெரியும்.

மொழியைத் தொடர்ந்து கற்க விரும்பினால், தேசிய வெல்ஷ் கற்பித்தல் மையத்தின் வகுப்புகள் வேல்ஸ் எங்கும் இருக்கின்றன, இணையவழியிலும் சேரலாம். செப்டம்பரில் தொடங்கும் வகுப்பில் சேருபவர், அடுத்த ஆகஸ்டில் மொழிபெயர்ப்புக் கருவியை அவ்வப்போது கழற்றி வைக்கும் அளவுக்கு வந்துவிடுவார்.

அடுத்த விழா வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டு முழுவதும் ஊர் மண்டபங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் சிறிய ஐஸ்டெத்வொட்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. வாசலில் சிறு கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பின்வரிசையில் அமருங்கள். பிற்பகலில் குழந்தைகளின் பாட்டும் செய்யுள் ஒப்புவித்தலும் தொடங்கி, பெரியவர்களின் போட்டி முடிய நள்ளிரவுகூட ஆகலாம். வென்ற குழந்தையின் கழுத்தில், நாடா கோத்த சிறு துணிப்பையில் பரிசுக்காசைப் போட்டு மாட்டிவிடுவார்கள். இடைவேளையில் தேநீர் தருபவர் நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்; பதிலை ‘தூ இன் தஸ்கி கம்ராய்க்’ என்று தொடங்குங்கள்.